கொன்சோல் கம்பனிக்கு வெளியாரின் கேம் தேவையா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் திருஞானசம்பந்தர் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் சின்னதாகக் கேம் கடை வைத்திருக்கிறேன். மணித்தியாலக் கணக்கில் விளையாடக் கொடுப்பேன், பழுது பார்ப்பேன், பழைய கொன்சோல்களை வாங்கி விற்பேன். சனிக்கிழமைகளில் ரியூஷன் முடிந்து வரும் பொடியன்களும், பிள்ளைக்கு எதை வாங்குவது என்று கேட்டு வரும் தாய் தகப்பன்மாரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்துக்குத்தான் வருவார்கள். சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசொஃப்ட் மாதிரிப் பெரிய கம்பனிகள் தங்கள் கேமை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாதா, வெளி ஆட்கள் எதற்கு என்பதே அது. வேலைக்கு நடுவில் அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனம் ஆறவில்லை. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கேம் விளையாடும் கருவியான கொன்சோலைக் கடையில் நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, பிஎஸ்5க்கு வாற கேம் எல்லாத்தையும் சோனிதானே செய்யுது?"

இல்லை. சோனி செய்வது பிளேஸ்டேஷன் 5 என்ற பிஎஸ்5 பெட்டியையும் கொஞ்சக் கேம்களையும்தான். இதைக் கேட்பவர்களுக்கு நான் வாயால் விளக்குவதில்லை. ராக்கையில் இருக்கும் டிஸ்க் உறைகளை இறக்கி மேசையில் வைத்து, யார் வெளியிட்டது என்று உறையில் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்வேன். போன மாதம் ஒரு தம்பி பிரித்தான். 41 உறையில் சோனியின் பெயர் இருந்தது ஏழில். ஸ்பைடர்மேன், கோட் ஒஃப் வோர், கிரான் டூரிஸ்மோ என்று அந்தப் பக்கம் ஒரு சின்ன அடுக்கு. மற்றப் பக்கம் சரிந்து விழுகிற அளவுக்குக் குவிந்து கிடந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப நான் விளையாடுறது ஒண்டும் சோனியின்ட இல்லையா" என்று கேட்டான். அவன் வாரா வாரம் வந்து விளையாடுவது கால்பந்தும் ஜிடிஏயும்.

"வெளிக் கம்பனி எண்டா யாரு? பேரைச் சொல்லுங்கோ."

பெட்டி செய்யாமல், அடுத்தவரின் பெட்டியில் ஓடுகிற மாதிரிக் கேம் மட்டும் செய்பவர்கள். கால்பந்து செய்வது இ.ஏ. ஜிடிஏ செய்வது ரொக்ஸ்டார். மல்யுத்தம் 2கே, ரெசிடன்ட் ஈவில் கப்கொம், பழைய வின்னிங் இலெவன் கோனாமி. அப்புறம் கிரிக்கெட். அதற்குத் தனியாகக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

நடுவில் ஒரு கூட்டமும் உண்டு. கம்பனி வெளியாருடையதாக இருக்கும், ஆனால் பெட்டிக் கம்பனியின் காசில், அந்தப் பெட்டிக்கு மட்டும் கேம் செய்து கொடுக்கும். 2018இல் ஸ்பைடர்மேன் கேமைச் செய்த இன்சோம்னியாக் அப்போது அப்படித்தான் இருந்தது. கேம் பெரிதாக ஓடியதும் அடுத்த வருடமே சோனி அந்தக் கம்பனியை 22 கோடி 90 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கிவிட்டது. ஆகவே சொந்தம், வெளி என்ற கோடு நிரந்தரமானது இல்லை.

"கிரிக்கெட் கேமை ஏன் சோனியோ நிண்டெண்டோவோ செய்யுறதில்லை? எங்களுக்கு அதுதானே வேணும்?"

என் கடையில் இதைவிட அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கும் இதுதான் காரணம்.

பெட்டி செய்யும் மூன்று கம்பனிகளும் யப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அவர்களுடைய பெரிய சந்தைகளும் அங்கேயும் ஐரோப்பாவிலும்தான். ஒரு பெரிய கேம் செய்ய நூற்றுக்கணக்கானவர்கள் வருடக் கணக்கில் உழைக்க வேண்டும். கிரிக்கெட்டுக்காக உயிரை விடுகிற நாடுகளில் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் குறைவு என்பது அவர்கள் போடும் கணக்கு. 2010ஐ ஒட்டி இந்தியச் சந்தைக்கென்று சோனி பிஎஸ்2க்கு ஒரு தெருக் கிரிக்கெட் கேமை வெளியிட்டது. அதையும் செய்தது இந்திய ஸ்டூடியோ ஒன்றுதான்.

சரி, நமக்குக் கிரிக்கெட் தந்தது யார்? 2006 முடிவில் வந்த இ.ஏ.யின் கிரிக்கெட் 07. மக்கெய்சர் மைதானத்தில் மழை வந்து ஆட்டம் நின்றால் பொடியன்கள் நேரே கடைக்கு வந்து அதைத்தான் போடுவார்கள். பிஎஸ்2இல் நாலு பேர் இரண்டு கொன்ட்ரோலரை மாற்றி மாற்றி, ஐந்து ஓவர் மட்ச். அதற்குப் பிறகு இ.ஏ. பெட்டிகளுக்குக் கிரிக்கெட் செய்வதை விட்டுவிட்டது. அவர்கள் விட்டதும் எந்தப் பெட்டிக் கம்பனியும் வந்து அந்த இடத்தை நிரப்பவில்லை. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் கொஞ்ச வருடம் செய்தது. பிறகு அவுஸ்திரேலியாவின் பிக் ஆண்ட் 2014இல் டொன் பிரட்மன் கிரிக்கெட்டோடு வந்து, 2023இல் கிரிக்கெட் 24ஐயும் கொண்டுவந்தது. பெரிய கம்பனிகளோடு ஒப்பிட்டால் அது சின்ன ஸ்டூடியோ. அதன் கேமில் குறை இருக்கிறது என்று பொடியன்கள் கத்துவார்கள், நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன். ஆனால் அவர்களும் இல்லாவிட்டால் பிஎஸ்5இல் நமக்குக் கிரிக்கெட்டே இல்லை.

பெட்டி செய்பவன் எல்லா ஊரின் ஆசையையும் அறியமாட்டான், அறிந்தாலும் எல்லாவற்றையும் செய்துகொடுக்க அவனிடம் ஆள் இல்லை. திருகோணமலைப் பொடியனுக்கு வேண்டியது வெளியாரிடமிருந்துதான் வரும். வெளியார் தேவையா என்று யார் கேட்டாலும் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

"பெட்டியை வித்தே லாபம் எடுக்கலாமே? பிறகு ஏன் மற்றவங்கட தயவு?"

பெட்டியில் லாபம் மெல்லியது. சில வேளை நட்டத்துக்கே விற்கிறார்கள். 2006இல் பிஎஸ்3 வந்தபோது விலை 499, 599 டொலர். அந்த விலைக்கும் சோனிக்கு ஒவ்வொரு பெட்டியிலும் கையைக் கடித்தது. உள்ளே வைத்த சிப்புக்கும் புளூரே டிஸ்க் ஓட்டும் பகுதிக்கும் அவ்வளவு செலவு. போட்டதைக் கேம் விற்பனையில் எடுக்கலாம் என்பதே திட்டம். வெளிக் கம்பனியின் கேம் விற்கும்போதெல்லாம் பெட்டிக் கம்பனிக்கு ஒரு பங்கு போகும். இணையக் கடையில் அது வழமையாக 30 வீதம். 70 டொலர் கேமில் 21 டொலர், ஒரு வரி கோட் எழுதாமல் சோனியின் கைக்கு வருகிறது. தன் கேமை மட்டும் விற்கிற கம்பனிக்கு இந்த வருமானமே இல்லை.

இதைக் கவனிக்காமல் விழுந்த பெட்டி ஒன்று உண்டு. 1993இல் 3டிஓ என்ற பெட்டி அமெரிக்காவில் 699 டொலருக்கு வந்தது. வடிவமைத்தது ஒரு கம்பனி, உரிமம் வாங்கிச் செய்து விற்றது பனசொனிக் போன்ற வேறு கம்பனிகள். கேமிலிருந்து வரும் பங்கு வடிவமைத்தவருக்கு, அதுவும் டிஸ்க்குக்கு 3 டொலர்தான். பெட்டி செய்தவருக்குக் கேமில் ஒன்றும் இல்லை. அப்போது அவர் பெட்டியிலேயே முழு லாபத்தையும் வைக்கவேண்டி வந்தது. அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்?

"இந்த வெளிக் கம்பனி முறை எப்ப தொடங்கினது?"

1979இல். அதற்கு முன் அமெரிக்காவின் அட்டாரி கம்பனி செய்த பெட்டிக்கு அட்டாரிதான் கேம் செய்தது. அங்கே வேலை செய்த டேவிட் கிரேன், அலன் மில்லர், பொப் வைட்ஹெட், லரி கப்லன் ஆகிய நாலு பேரும் தாங்கள் செய்த கேம்கள் கம்பனிக்குக் கோடிக் கணக்கில் உழைக்க, தங்களுக்குச் சம்பளம் மட்டும், உறையில் பெயர்கூட இல்லை என்று கண்டு வெளியேறினார்கள். ஆக்டிவிஷன் என்று கம்பனி தொடங்கி, அட்டாரி பெட்டியிலேயே ஓடும் கேம்களைத் தாங்களாகச் செய்து விற்றார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசமாகி, அட்டாரிக்குப் பங்கு கொடுத்துவிட்டுச் செய்யலாம் என்று ஆனது. இன்று எல்லாரும் பின்பற்றும் முறை அங்கிருந்துதான் வருகிறது. அதே வருடம் கிரேன் செய்த பிட்ஃபோல் 40 இலட்சத்துக்கு மேல் விற்றது. அட்டாரிப் பெட்டிக்கு அது பெரிய பலம்.

பெயருக்கும் பங்குக்கும் கேட்டு வெளியேறிய அந்த நாலு பேரையும் எனக்கு மிகவும் பிடிக்கும். கடைச் சுவரில் அவர்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். யார் இவை என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன்.

"வெளியார் கூடினா நல்லது எண்டுறீங்கள். கூடிப்போய் கெட்ட கதையும் இருக்குதாமே?"

இருக்கிறது. ஆக்டிவிஷனைப் பார்த்து யார் யாரோ கேம் செய்யத் தொடங்கினார்கள். அனுமதியும் இல்லை, சோதனையும் இல்லை. கடைகள் குப்பைக் கேம்களால் நிரம்பின. அட்டாரியும் அவசரத்தில் செய்த மோசமான கேம்களை விட்டது, பழியை வெளியார் மேல் மட்டும் போட முடியாது. அமெரிக்காவில் 1983இல் சுமார் 320 கோடி டொலராக இருந்த வியாபாரம் 1985இல் 10 கோடியளவுக்கு விழுந்தது. கடைக்காரர் கேம் என்ற சொல்லையே கேட்க விரும்பவில்லை.

அந்த நேரத்தில் அமெரிக்காவுக்குள் போன நிண்டெண்டோ பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. அனுமதி பெறாத கசெட் ஓடாது. ஒரு கம்பனி வருடத்துக்கு ஐந்து கேம்தான் விடலாம். கசெட்டை நிண்டெண்டோவிடமே காசு கட்டிச் செய்விக்கவேண்டும், இரண்டு வருடத்துக்கு அந்தக் கேமை வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்து போதாமல் கோனாமி வேறு பெயரில் இன்னொரு கம்பனியைத் திறந்து கூடுதலாக விட்டது. ஆகவே வெளியார் தேவை, வாசலில் ஒரு காவலும் தேவை.

"அப்ப நிண்டெண்டோ செய்தது சரிதானே? ஏன் பிறகு பிளேஸ்டேஷன் முந்தினது?"

வாசலில் நின்ற காவல், வந்தவரையே நோகடித்தது. 1994 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷனோடு வந்தபோது சொந்தமாகப் பெரிய கேம் ஒன்றும் கையில் இல்லை. நிண்டெண்டோவின் மாரியோ மாதிரி ஊரறிந்த ஒரு பாத்திரமும் இல்லை. அதனால் வெளிக் கம்பனிகளை வாசல் வரை வந்து வரவேற்றார்கள். சீடியில் கேம், செய்யச் செலவு குறைவு, விற்றுத் தீர்ந்தால் சீக்கிரம் மறுபடி அச்சிடலாம். நிண்டெண்டோ 64 கசெட்டிலேயே நின்றது. பெரிய கசெட் 64 மெகாபைட், சீடி ஒன்று 650.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஃபைனல் ஃபண்டஸியைப் பாருங்கள். முதல் ஆறு பாகமும் நிண்டெண்டோ பெட்டிகளில்தான் வந்தன. ஏழாவது பாகத்தை ஸ்குவேர் கம்பனி பெரிய படக்காட்சிகளோடு திட்டமிட்டது. 1997இல் அது மூன்று சீடியில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. யப்பானில் பிள்ளைகள் அந்தக் கேமுக்காகவே பெட்டியை மாற்றினார்கள். கடைசியில் பிளேஸ்டேஷன் 10 கோடி 24 இலட்சம் விற்றது, நிண்டெண்டோ 64 வெறும் 3 கோடி 29 இலட்சம். இதில் கவனிக்கவேண்டியது, நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் அந்த நேரத்தில் மிக உச்சத்தில் இருந்தன. சுப்பர் மாரியோ 64ஐயும் ஒகரினா ஒஃப் டைமையும் குறை சொல்ல யாராலும் ஏலாது. அவ்வளவு நல்ல சொந்தக் கேம் இருந்தும் மூன்று மடங்குக்கு மேல் பின்தங்கினார்கள்.

"சேகாக்கு என்ன நடந்தது? சொனிக் இருந்ததே?"

சொனிக் என்ற பாத்திரத்தை வைத்திருந்த சேகாவும் அப்போது பெட்டி செய்த கம்பனி, ஆனால் வெளியாரைக் கலந்து பேசாமல் நடந்தது. 1995 செப்டெம்பரில் சட்டர்ன் என்ற பெட்டி வரும் என்று அமெரிக்காவில் சொல்லி வைத்துவிட்டு, மே மாதமே திடீரென்று விற்கத் தொடங்கினார்கள். செப்டெம்பரை நம்பிக் கேம் செய்துகொண்டிருந்த வெளிக் கம்பனிகள் தயாராக இல்லை. விலை 399 டொலர். சோனி 299 என்று அறிவித்தது.

அடுத்து வந்த ட்ரீம்காஸ்ட் நல்ல பெட்டி, சேகாவின் சொந்தக் கேம்களும் அருமை. ஆனால் இ.ஏ. ஒரு கேமும் செய்யவில்லை. 91 இலட்சம் விற்றதோடு 2001இல் நிறுத்தினார்கள். பிறகு சேகாவே வெளிக் கம்பனியாகி, அந்த வருடம் முடிவதற்குள் சொனிக் நிண்டெண்டோ பெட்டியில் ஓடியது. சின்ன வயதில் சொனிக்கா மாரியோவா என்று சண்டை பிடித்தவர்களுக்கு அது என்ன அதிர்ச்சி என்று சொல்லத் தேவையில்லை.

"பிஎஸ்2 ஏன் எங்கட ஊரில இவ்வளவு காலம் நிண்டு பிடிச்சது?"

2000இல் வந்த பெட்டிக்கு 2013 முடிவிலும் புதுக் கேம் வந்தது என்றால் நம்புவீர்களா? இ.ஏ.யின் கால்பந்துக் கேமான ஃபிஃபா 14 பிஎஸ்2க்கு வந்தது. சோனி அந்தப் பெட்டியைச் செய்வதை நிறுத்தியதே அந்த வருடத் தொடக்கத்தில்தான். சோனி எப்போதோ பிஎஸ்3க்குக் கவனத்தை மாற்றிவிட்டது, வெளிக் கம்பனிகள்தான் பழைய பெட்டியை உயிரோடு வைத்திருந்தன.

நம் ஊரில் அது இன்னும் அதிகம். வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த ஒரு பிஎஸ்2 மூன்று வீடு மாறும். டச்பே பக்கமிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்தால் கடல் காற்றின் உப்பு ஏறி, கொன்ட்ரோலர் செருகும் பின்கள் பச்சை பிடித்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பின்னாகத் தேய்த்துக் கொடுப்பேன். திரும்ப வாங்கிப்போகிறவர் கேட்பது சண் அன்ரியாஸ் ஓடுமா, கிரிக்கெட் ஓடுமா, ஸ்மாக்டவுன் ஓடுமா என்றுதான். மூன்றும் வெளியாரின் கேம்.

"அந்தக் காலத்தில நாங்கள் கொப்பி டிஸ்க்தானே போட்டம்? அதால கேம் செய்தவங்களுக்குப் பாதிப்பில்லையா?"

பாதிப்புத்தான். மேலே சொன்ன பங்குக் கணக்கில் கொப்பி டிஸ்க்கிலிருந்து செய்தவருக்கும் ஒன்றும் போகவில்லை, பெட்டிக் கம்பனிக்கும் போகவில்லை. ட்ரீம்காஸ்டில் பெட்டியைத் திறக்காமலே கொப்பி டிஸ்க் ஓடியது, அதுவும் அதற்கு ஒரு அடி. நானும் அந்தக் காலத்தில் கொப்பி டிஸ்க் விற்றவன். அசல் டிஸ்க் ஊருக்கு வரவே இல்லை என்பது உண்மை. ஆனாலும் நம்மூரில் எத்தனை பேர் கிரிக்கெட் 07 விளையாடினார்கள் என்று இ.ஏ.க்குத் தெரியவே வழியில்லாமல் போனது. கணக்கில் வராத ஊருக்கு யார் கேம் செய்வார்கள் என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது. இப்போது அசல் மட்டும்தான் வைக்கிறேன்.

"நிண்டெண்டோ தனிய நிண்டு காட்டுதே அண்ணா! மாரியோவும் போகெமொனும் போதாதா?"

இது நல்ல கேள்வி, என் கட்சிக்கு எதிரான வலுவான வாதமும் இதுதான். 2006இல் வந்த வீ பெட்டிக்குப் பெரிய வெளிக் கேம்கள் அதிகம் வரவில்லை. கையை ஆட்டி டென்னிஸ் விளையாடும் அந்த ஒரு யோசனையிலேயே 10 கோடி 16 இலட்சம் விற்றது. அப்படியொரு யோசனை கையில் கிடைத்தால் தனியாகவும் நிற்கலாம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்த பெட்டியைப் பாருங்கள். 2012இல் வீ யூ. தொடக்கத்தில் இ.ஏ. மேடையேறிப் பெரிய உறவு என்று சொன்னது, ஒரு வருடத்துக்குள் கைவிட்டது. வீ யூவுக்கு வந்த ஒரே ஃபிஃபா ஃபிஃபா 13. கட்டாரிலிருந்து தகப்பன் அனுப்பிய வீ யூவோடு ஒரு பொடியன் கடைக்கு வருவான். ஒவ்வொரு வருடமும் புது ஃபிஃபா வந்ததா என்று கேட்பான், இல்லை என்று சொல்வேன். 2016இலும் அவன் பெட்டியில் 2012இன் அணிகள்தான். மொத்தமாக அந்தப் பெட்டி 1 கோடி 35 இலட்சத்தோடு நின்றது. மாரியோ கார்ட் 8 அதில் 84 இலட்சம் விற்றது. ஏறக்குறைய அதே கேம் 2017இல் நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான ஸ்விட்சுக்கு வந்து 6 கோடியைத் தாண்டியது. கேம் அதேதான், பெட்டிதான் மாறியது. ஸ்விட்சைக் கையிலும் கொண்டுபோகலாம், விளக்குவதும் சுலபம், அதெல்லாம் சரி. கூடவே மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட், ஸ்கைரிம், சின்னச் சின்ன ஸ்டூடியோக்களின் நூற்றுக்கணக்கான கேம்கள் என்று வெளியார் அதில் குவிந்தார்கள். 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

இன்னொன்று. போகெமொனைச் செய்யும் கேம் ஃபிரீக் நிண்டெண்டோவுக்குச் சொந்தமான கம்பனி இல்லை. நெருங்கிய உறவு, ஆனால் தனி வீடு. தனியாக நிற்கிறது என்று நாம் சொல்லும் நிண்டெண்டோவின் ஒரு கால் அப்படி இன்னொரு வீட்டில் இருக்கிறது.

"முதல்ல கேம் வரவேணுமா, ஆக்கள் வரவேணுமா?"

மீன் வராத சந்தைக்கு ஆள் வராது, ஆள் வராத சந்தைக்கு மீன்காரர் கூடையை இறக்கமாட்டார். பெட்டிக் கம்பனியின் சொந்தக் கேம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது யாருக்கும் அந்தப் பெயரே தெரியாது. மைக்ரோசொஃப்ட் முன்கூட்டியே பங்கி கம்பனியை வாங்கி, அது செய்த ஹேலோ கேமைப் பெட்டியோடு சேர்த்து இறக்கியது. முதல் கூட்டம் ஹேலோவுக்காக வந்தது. கூட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள்.

கூட்டம் இருந்தாலும் வெளியாருக்கு வேலை சுலபமாக இருக்கவேண்டும். பிஎஸ்3இன் செல் சிப் வலுவானது, ஆனால் அதற்குக் கேம் எழுதுவது தலையிடி. ஒரே கேம் எக்ஸ்பாக்ஸ் 360இல் வழுக்கிக்கொண்டு ஓட, பிஎஸ்3இல் தடுக்கித் தடுக்கி ஓடியதை நானே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு பிஎஸ்4ஐ வடிவமைத்த மார்க் சேர்னி, முதலில் கேம் செய்பவர்களிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கணினியில் இருப்பது போன்ற பழகிய சிப், எல்லாவற்றுக்கும் பொதுவாக 8 ஜிகாபைட் மெமரி என்று பெட்டி அமைந்தது. 11 கோடிக்கு மேல் விற்றது.

"ஒரே ஒரு வெளிக் கேம் போனதால பெட்டி விழுந்த கதை இருக்குதா?"

வீட்டா, சோனியின் கையடக்கப் பெட்டி. அதற்கு முந்திய பிஎஸ்பி யப்பானில் ஓடியதற்குக் கப்கொமின் மொன்ஸ்டர் ஹன்டர் பெரிய காரணம். பொடியன்கள் நாலு பேர் கூடி இருந்து வேட்டையாடும் கேம் அது. 2011 டிசம்பர் 17இல் வீட்டா யப்பானில் வந்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன் புது மொன்ஸ்டர் ஹன்டர் நிண்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான 3டிஎஸ்ஸில் இறங்கியிருந்தது. அதுவரை தடுமாறி, விலையை 250 டொலரிலிருந்து 170க்குக் குறைத்திருந்த 3டிஎஸ் எழுந்து நின்றது. வீட்டாவுக்கு வேறு நோயும் இருந்தது, அதன் மெமரி கார்ட் விலை நியாயமே இல்லை.

"வெளியாரை நம்பாம கம்பனியையே வாங்கினா? மைக்ரோசொஃப்ட் அப்படித்தானே செய்தது?"

செய்தது. 2023 ஒக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது. மேலே சொன்ன நாலு பேரின் ஆக்டிவிஷன்தான் இது. சம்பளப் பிரச்சினையில் வெளியேறித் தொடங்கிய கம்பனி 44 வருடத்தில் அந்த விலைக்குப் போயிருக்கிறது.

ஆனால் வாங்கியதும் பூட்டி வைக்க முடியவில்லை. ஆக்டிவிஷனின் பெரிய கேமான கோல் ஒஃப் டியூட்டியைச் சோனிக்கும் நிண்டெண்டோவுக்கும் பத்து வருடத்துக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதவேண்டி வந்தது. அவ்வளவு செலவில் செய்யும் கேமை ஒரு பெட்டிக்குள் அடைத்தால் காசு திரும்பாது. 2025 ஏப்ரலில் மைக்ரோசொஃப்டின் சொந்தக் கேமான ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5க்கு வந்துவிட்டது. சோனியின் கடையில் இன்று மைக்ரோசொஃப்டும் ஒரு வெளிக் கம்பனி.

"நான் இங்க இருந்து கேம் செய்தா பெட்டியில போட ஏலுமா?"

ஏலும், ஆனால் நேரே பெட்டியில் தொடங்காதே தம்பி. பெட்டிக்குக் கம்பனியோடு ஒப்பந்தமும் சோதனைப் பெட்டியும் வேண்டும். கடினமான சோதனையையும் தாண்டவேண்டும். கேம் செய்யும் கொடோ என்ற கருவி இலவசம், சாதாரண லப்டொப்பில் ஓடும். முதலில் கணினிக்குச் செய். கணினிக் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் போட 100 டொலர் கட்டணம். அங்கே ஆட்கள் விளையாடினால் பெட்டிக் கம்பனியிடம் போகக் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். ஸ்டார்டியூ வலி என்ற கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் இருந்து செய்தார். 2016இல் முதலில் கணினிக்கு வந்து, பிறகு எல்லாப் பெட்டிக்கும் போனது.

நிலாவெளிக் கடற்கரையில் நாம் விளையாடும் மென்பந்துக் கிரிக்கெட்டை வைத்து யாராவது ஒரு கேம் செய்யட்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. தொடங்குபவருக்குக் கடையில் பின்னேரங்களில் கணினி ஒன்றைக் காசு வாங்காமல் விடுவேன்.

"தம்பி, எனக்கு இதெல்லாம் விளங்காது. பிள்ளைக்கு எந்தப் பெட்டியை வாங்க?"

அம்மா, முதலில் பிள்ளையிடம் ஒரு துண்டில் ஐந்து கேம் எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியின் பெயர் வேண்டாம், கேமின் பெயர் மட்டும். ஐந்தும் மாரியோ, போகெமொன் வகை என்றால் ஸ்விட்ச். கால்பந்து, கிரிக்கெட், ஜிடிஏ என்றால் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ, எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அது. ஒரே பெயரில் எல்லாப் பெட்டிக்கும் வரும் கேமும் ஒரே மாதிரி இராது. ஸ்விட்சுக்கு வந்த ஃபிஃபா 20 முதல் 23 வரை அணிகளும் சட்டைகளும்தான் புதிது, ஆட்டம் பழையது. உறையில் லெகசி எடிஷன் என்று இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா அப்படி ஒரு துண்டு கொண்டுவந்தார். கொப்பித் தாளில் பென்சிலால் எழுதியது. கிரிக்கெட் 24, கால்பந்து, ஜிடிஏ, மல்யுத்தம், மைன்கிராஃப்ட். பாவித்த பிஎஸ்4 ஒன்றைக் கொடுத்தேன், ஐந்தும் அதில் ஓடும்.